பதின்மூன்றாம் பக்கத்து மரம்

மனிதர்கள் நான்கால் வகுபடும்படி சாவதில்லை. அதனால்தான் வெள்ளவத்தை அச்சகமொன்றில் இன்ஸாபுக்கு இருபத்து மூன்று வருடமாக வேலை இருக்கிறது.

விஷயம் இதுதான். ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். முப்பத்தோராம் நாளில் உற்றார் உறவினருக்குக் கொடுக்கும் நினைவு மலர் பன்னிரண்டு பக்கத்தில் வரும், பதினாறில் வரும், வசதியான வீடென்றால் இருபத்து நான்கில் வரும். பதினான்கில் வராது. இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, பிரார்த்தனை, கனடாவிலிருந்து மருமகள் அனுப்பிய கண்ணீர்க் கவிதை, நன்றி நவிலல் எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகு ஒன்றோ இரண்டோ பக்கம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அப்படியே விட்டால், பிரஸ்காரன் ஏமாற்றிவிட்டான் என்று செத்தவீட்டிலும் சண்டை வரும். அந்தப் பக்கங்களின் வாயை அடைப்பவர் இன்ஸாப்.

மருதானைக்காரர். ஐம்பதைத் தொட ஒரு வருடம் இருக்கிறது. ஜவாஹிறா என்ற மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள், நரைத்த தாடி, இடது முழங்காலில் ஒரு நோவு. கட்டாருக்குப் போன ஒருவரின் கதிரையில் மூன்று மாதத்துக்கு மட்டும் என்று வந்து உட்கார்ந்தவர். போனவர் திரும்பவில்லை. இன்ஸாபின் சமூகத்தில் நினைவு மலர் அடிக்கும் வழக்கமே கிடையாது. மௌத்தானவரை அன்றைக்கே அடக்கி, துஆக் கேட்பதோடு சரி. ஆனாலும் தேவாரத்தில் ஒரு எழுத்து விழுந்தாலும், செபமாலையில் ஒரு மணி குறைந்தாலும் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான்.

அச்சக முதலாளி சுமன் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். வருகிற வாடிக்கையாளரிடம் இதை ஒரு விளம்பரமாகவே சொல்வார்: "எங்கட இன்ஸாப் நானா எல்லாச் சமயத்துக்கும் பொது. ஒரு பக்கமும் சாயமாட்டார்."

"சாயவும் ஏலாது தம்பி. முழங்கால் விடாது," என்பார் இன்ஸாப்.

பக்கம் நிரப்ப அவர் கதைகளைச் சேர்த்து வைத்திருந்தார். முதலில் எளிதாகத்தான் இருந்தது: இந்துக்களுக்கு மிருகக் கதை, கிறிஸ்தவர்களுக்கு வேதத்து உவமை. அந்த ஏற்பாட்டைக் கெடுத்தது ஒரு சிங்கம். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் மலரில் அதைப் போட்டிருந்தார். சிங்கத்தின் தொண்டையில் எலும்பு சிக்குகிறது. எடுத்துவிட்டால் பரிசு என்கிறது. கொக்கு தலையை விட்டு எடுக்கிறது. பரிசு எங்கே என்றால், "என் வாய்க்குள் தலையைக் கொடுத்துவிட்டு உயிரோடு போகிறாயே, அது போதாதா?" என்கிறது சிங்கம். இரண்டு நாளில் அதிபரின் மகன் வந்து மேசையில் தட்டினார். "நானா, இது யூதக் கதையாம். இன்டர்நெட்டில கிடக்கு. அப்பா சைவர்!" பக்கத்தில் தாள் கட்டு இறக்கிக்கொண்டிருந்த சிங்களப் பையன் கதையைக் கேட்டுவிட்டு, அது தங்கள் புத்த ஜாதகக் கதை என்றும், கொக்கு இல்லை மரங்கொத்தி என்றும், விகாரைச் சுவரில் கீறியிருக்கிறது என்றும் சத்தியம் செய்தான்.

இந்த வழக்கைத் தீர்த்துவைத்தவர் கொட்டாஞ்சேனைப் பக்கம் பணியாற்றிய ஒரு வயதான பாதிரியார். தாம் எழுதிய சிறு பிரசுரமொன்றை அச்சடிக்க வந்தவர், பால் விடாத பிளேன்டியும் கையுமாக உட்கார்ந்து சிரித்தார். "கிரேக்கரிட்டயும் இருக்கு தம்பி. அங்க சிங்கத்துக்குப் பதிலா ஓநாய். உரோம அரசன் யூதரிட கோயிலைத் திருப்பிக் கட்ட விடுறன் எண்டு சொல்லிப்போட்டு மாறினவுடன சனம் கொதிச்செழும்பினது. அப்ப ஒரு யூத குரு அதுகளை அடக்கிறதுக்கு இந்தக் கதையைத்தான் சொன்னவராம். உயிரோட வெளிய வந்ததே பெரிசு, வீட்டுக்குப் போங்கோ எண்டு." இன்ஸாப் தாடியைத் தடவிக்கொண்டார். அந்த அறிவுரை கொழும்பில் எந்த வருடத்துக்கும் எந்தச் சமூகத்துக்கும் பொருந்தும் என்று அவருக்குப் பட்டது.

பாதிரியாரின் பிரசுரத்தில் இரண்டு கதைகள் அருகருகே இருந்தன. ஒன்று யேசு சொன்ன அத்திமர உவமை. மூன்று வருடமாகக் காய்க்கவில்லை, வெட்டு என்கிறான் தோட்டத்துச் சொந்தக்காரன். இந்த வருடமும் விடுங்கள், கொத்தி எருப் போடுகிறேன் என்கிறான் வேலையாள். அவ்வளவுதான். சொந்தக்காரன் என்ன பதில் சொன்னான், மறுவருடம் மரம் காய்த்ததா என்று ஒரு சொல் இல்லை. மற்றது அசீரிய நாட்டு மந்திரி ஒருவர் சொன்னதாக வரும் பழங்கதை. அங்கே மரமே வாய் திறந்து கெஞ்சுகிறது: ஒரு தவணை கொடு, காய்த்துக் காட்டுகிறேன் என்று. தண்ணீர்க்கரையில் நின்றே காய்க்காத நீ இனி எங்கே காய்க்கப்போகிறாய் என்று சொந்தக்காரன் கோடரியைத் தூக்குகிறான். எது எதிலிருந்து வந்தது என்று படித்தவர்கள் இன்னும் அடிபடுகிறார்கள் என்றார் பாதிரியார். யூத குருமார் நரியையும் சிங்கத்தையும் பழையபடியே கதைக்க விட்டார்கள். யேசுவின் கதைகளில் மரமும் மிருகமும் வாய் திறப்பதில்லை, யாராவது அவற்றுக்காகக் கதைக்கவேண்டும். அதுதான் வித்தியாசம் என்றார். இன்னொன்றையும் போகிற போக்கில் சொன்னார்: அந்த மந்திரிக்குப் பிள்ளை கிடையாதாம். எடுத்து வளர்த்த சகோதரி மகன் குழிபறித்த பிறகு, அவனைப் பார்த்துச் சொன்ன கதையாம்.

இன்ஸாப் இரண்டையும் கம்பியூட்டரில் ஒரே பெயரில் சேமித்து வைத்தார். வினை அங்கே தொடங்கியது.

இந்த வருடம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நினைவு மலர் வந்தது. இறந்தவர் மேரி நாகேஸ்வரி, வயது எழுபத்தொன்று. சைவக் குடும்பத்தில் பிறந்து, துறைமுகத்தில் கிளாக்காக இருந்த சேவியர் செல்லையாவைக் கட்டுவதற்காக மேரி ஆனவர். பதினாறு பக்கத்தில் இரண்டு மிஞ்சியது. செல்லையாவின் மூத்த சகோதரி றெஜினா தொலைபேசியில் கட்டளை இட்டார்: "வேதத்தில இருந்து ஒரு உவமை போடுங்கோ தம்பி. கண்ட கண்ட நரிக்கதை வேண்டாம்."

இன்ஸாப் பொறுமையைச் சொல்லும் கதை என்று அத்திமரத்தைத் தெரிந்தெடுத்தார். ஆனால் உவமை நாலே வசனம். எழுத்தை எவ்வளவு பெருப்பித்தாலும் அரைப்பக்கத்துக்கு மேல் போகாது. பின்னால் வந்த மந்திரியின் கதையையும் சேர்த்தார். நடுவே இருந்த பாதிரியாரின் விளக்கத்தை இடம் போதாதென்று வெட்டினார். இரண்டும் ஒட்டி ஒரே கதையாகி, பதின்மூன்றாம் பதினான்காம் பக்கங்களில் கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே தடித்த எழுத்தில் 'காய்க்காத மரம்'. வாழ்க்கைக் குறிப்பு அப்போது வந்து சேரவில்லை. அது எப்போதும் கடைசியில், கையெழுத்தில், வட்ஸ்அப்பில்தான் வரும். அச்சகத்தில் வேலை பார்க்கும் அஸ்கா என்ற பிள்ளை அதைத் தட்டச்சு செய்து கொடுக்க, இன்ஸாப் வாசிக்காமலே மூன்றாம் நான்காம் பக்கங்களில் ஊற்றினார். வெள்ளி காலை முந்நூறு புத்தகமும் முச்சக்கர வண்டியில் கொட்டாஞ்சேனைக்குப் போயின. முப்பத்தோராம் நாள் திருப்பலி சனிக்கிழமை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சோற்றுப் பார்சலை விரிக்கக் கழிவுத் தாளொன்றை எடுத்தார். மடிக்காத தாள். பதினாறு பக்கப் புத்தகத்தில் நான்காம் பக்கமும் பதின்மூன்றாம் பக்கமும் ஒரே தாளில், தோளோடு தோள் அச்சாகும். மடித்துக் கம்பி குத்திவிட்டால் இரண்டும் வெவ்வேறு மூலைக்குப் போய்விடும். வாசிப்பவர் கண்ணுக்குச் சேர்ந்து படாது. அச்சகக்காரன் கண்ணுக்கு மட்டும் படும். இடது பக்கத்தில் இருந்தது: "மழலைச் செல்வம் வாய்க்காத போதிலும் மனந்தளராது இறைபணியில் நிலைத்தார்." வலது பக்கத்தில் இருந்தது: "காய்க்காத மரம். அப்போது அவன் கோடரியை எடுத்து..."

இன்ஸாப் சோற்றைத் திறக்கவில்லை.

"ஒருத்தரும் வாசிக்கமாட்டினம் நானா," என்றார் சுமன், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு. அவர் முகமும் நன்றாக இல்லை. "படத்தைப் பாப்பினம். பிறகு அதால காத்து விசுக்குவினம். அவ்வளவுதான்."

"அவட புருசன் வாசிப்பார் தம்பி."

"முந்நூறு புத்தகத்திலயும் கம்பி கழட்டி, தாளை மாத்தி, திருப்பிக் குத்தப் போறீங்களோ? விசரோ?"

"ஒரு தாள்தானே. நீங்க மெசின ஓஃப் பண்ணாம வையுங்க. நான் புத்தகத்தக் கொண்டாறன்."

கொட்டாஞ்சேனை பஸ் காலி வீதியில் நகர்ந்தது என்று சொல்வது பஸ்ஸுக்கு மரியாதை. செல்லையாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. பம்பலப்பிட்டியில் நிற்கும்போது ஜவாஹிறாவுக்குப் போன் எடுத்துச் சொன்னார். அவள் ஆறுதல் சொல்கிற சாதி இல்லை. "அல்லாவே! மௌத்தான பொம்புளட புத்தகத்தில அப்பிடியா போடுற? அந்த மனுசி உசிரோட ஈக்கக்குள்ள எத்தின பேர்ட வாயில விழுந்திருப்பா. மிச்சத்த நீங்க அச்சிலயும் அடிச்சிட்டீங்க."

வீடு ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருந்தது. கதவைத் திறந்தவர் றெஜினா. எண்பதைக் கடந்தவர், நிமிர்ந்த முதுகு. மேசையில் புத்தகக் கட்டுகள்; ஒன்று பிரிக்கப்பட்டிருந்தது.

"ஆர், பிரஸ்காரத் தம்பியோ? நல்லா வந்திருக்கு. படம் அவளை விட வடிவு." றெஜினா ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்பக்கங்களைத் தட்டினார். "ஆனா ஒரு பிழை கிடக்கு. எங்கட வேதத்தில மரத்தை வெட்டினதாச் சொல்லேல்ல. கடைசி வரைக்கும் அதை ஆண்டவர் சொல்லாமல்தான் விட்டவர். நீங்கள் வெட்டிப்போட்டீங்கள்."

அந்த மரம் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்ற கவலை அந்த அம்மாவிடம் துளியும் இல்லை. மரம் யார் என்பது அந்த வீட்டில் ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம். கோடரி மட்டும்தான் புதிது.

"அதுக்காகத்தான் வந்தன் அம்மா. புத்தகத்த எடுத்துக்கொண்டு போய் மாத்தித் தாறன்."

உள்ளே, யன்னலோரக் கதிரையில் செல்லையா இருந்தார். மெலிந்த மனிதர், சவரம் செய்யாத முகம். மடியில் புத்தகம், பதின்மூன்றாம் பக்கத்துக்குள் விரல். "அக்கா, தம்பிக்குத் தேத்தண்ணி ஊத்துங்கோ," என்றார். றெஜினா குசினிக்குப் போனதும் குரலை இறக்கினார்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல ஐயா. பக்கம் நிரப்பப் போட்டது. வாழ்க்கைக் குறிப்ப நான் வாசிக்கல்ல. என்ட பிழை. மன்னிச்சிக்கொள்ளுங்க."

செல்லையா அவரை நம்பாதவர் போலப் பார்த்தார். பிறகு நம்பினார். நம்பியது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

"கலியாணம் முடிச்சு நாலாம் வருசம் பொரளையில ஒரு டொக்டரிட்டப் போனனாங்கள். ரெண்டு பேரையும் சோதிச்சவர். அவளில ஒரு குறையும் இல்லை. எல்லாம் என்னில. வெளிய வந்து பஸ் ஹோல்ட்டில நிக்கேக்க அவள்தான் சொன்னவள், மாமிக்குச் சொல்லவேண்டாம், நீங்கள் தாங்கமாட்டீங்கள் எண்டு. நானும்..." அவர் புத்தகத்தை மூடினார். "நானும் சரி எண்டுட்டன். நாப்பத்து மூண்டு வருசம். அம்மா அவளை மலடி எண்டா. அக்கா முகத்துக்கு நேர சொல்லுவா. கோயில்ல இந்த உவமை வாசிக்கிற ஞாயிறில எல்லாம் அவள் குனிஞ்சுகொண்டு இருப்பாள். நான் பக்கத்திலதான் இருந்தனான் தம்பி. ஒருக்காலும் வாய் திறக்கேல்ல."

மந்திரி சொன்ன கதையில் மரமாவது கெஞ்சியது. உவமையில் வேலையாளாவது பேசினான். இந்த வீட்டில் இரண்டும் நடக்கவில்லை. இன்ஸாப் தமக்குத் தெரிந்த தொழிலைச் சொன்னார்: அந்தக் கதையும் வாழ்க்கைக் குறிப்பும் ஒரே தாள், கதையை மாற்ற எப்படியும் முழுத் தாளையும் திரும்ப அடிக்கவேண்டும்.

செல்லையா நிமிர்ந்தார். "அப்ப நாலாம் பக்கத்திலயும் மாத்தலாமோ?"

"மாத்தலாம்."

"அந்த வரியை மாத்துங்கோ. மழலைச் செல்வம் எண்டு வாற வரி. உண்மையைப் போடுங்கோ."

இன்ஸாப் பேனையை எடுத்தார். இருபத்து மூன்று வருடத்தில் எவரும் நினைவு மலரில் உண்மையைப் போடச் சொன்னதில்லை. "இப்பிடிப் போடலாமா ஐயா: இருவருக்கும் பொதுவான உடல்நலக் காரணங்களால்..."

"பொதுவான எண்டா பாதி அவளுக்குப் போகுதே."

"அப்ப... மருத்துவக் காரணங்களால்?"

"ஆருக்கு மருத்துவம்? எழுதுங்கோ தம்பி, நான் சொல்லுறன். பிள்ளை பிறக்காத குறை கணவரிடமே இருந்தது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. மனைவி அந்தப் பழியைச் சாகும்வரை சுமந்தார்."

தேநீர்க் கோப்பை மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. றெஜினா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. செல்லையா கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார், முடியவில்லை.

"அக்கா... அது..."

"எனக்குத் தெரியும்," என்றார் றெஜினா.

"என்ன தெரியும்?"

"டொக்டரிட துண்டு உன்ர காற்சட்டைப் பையில கிடந்தது. உடுப்புத் தோய்க்கேக்க எடுத்தனான். அம்மாவுக்கும் காட்டினனான்." அவர் தம் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "சீனி போட்டது தம்பி, குடியுங்கோ."

"தெரிஞ்சுகொண்டோ அவளை...?"

"பின்ன உன்னையோ சொல்லச் சொல்லுறாய்? ஒரேயொரு ஆம்பிளைப் பிள்ளை. அவளே கேட்கேல்ல. செத்து முப்பது நாளாச்சு. இப்ப அதைப் புத்தகத்தில போட்டு, வாற சனத்துக்கு ஆளுக்கொண்டு குடுக்கப் போறாய். எங்கட அம்மாவும் கல்லறையில கிடக்கிறா, அதையும் யோசி."

இன்ஸாப் தரையைப் பார்த்தார். அந்த அறையில் நாகேஸ்வரியின் பழி பற்றி அறியாதிருந்த ஒரே ஆள் தாம்தான் என்பதும், அதை அச்சடித்தவரும் தாம்தான் என்பதும் அவருக்குச் சேர்ந்தே உறைத்தது.

"போடுங்கோ தம்பி," என்றார் செல்லையா கடைசியில். மிகவும் மெல்லிய குரல். ஆனால் போடுங்கள் என்றுதான் சொன்னார்.

மஃரிப் தொழுகைக்கு முன்னே அச்சகத்தில் வேலை முடிந்தது. இன்ஸாப் கம்பி கழற்ற, அஸ்கா தாள் மாற்ற, சுமன் முணுமுணுத்துக்கொண்டே திரும்பக் குத்தினார். நாலாம் பக்கத்தில் செல்லையா சொன்ன மூன்று வாக்கியங்கள், ஒரு சொல் மாறாமல். பதின்மூன்றாம் பக்கத்தில் உவமை மட்டும், நாலே வசனம். அதற்குக் கீழும் அடுத்த பக்கம் முழுவதும் வெள்ளை. சுமன் கேட்டதற்கு, "அதில போட என்ட கிட்ட ஒண்டுமில்ல தம்பி," என்றார் இன்ஸாப்.

மறுநாள் கோயில் மண்டபத்துக்கு அவரும் போனார். போகவேண்டிய அவசியமில்லை, வேலைக்குப் போகிற சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வாசலில் புத்தகம் கொடுத்தார்கள். சனங்கள் படத்தைப் பார்த்தார்கள், அச்சொட்டாக இருக்கிறது என்றார்கள், பிறகு விசிறினார்கள். மின்விசிறி போதாத மண்டபம். முந்நூறு நாலாம் பக்கங்களும் சேர்ந்து நல்ல காற்றைத் தந்தன. செல்லையா முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தார். யாரோ ஒருவர் வாசித்துவிட்டு எழுந்து வந்து தம் முகத்தில் காறித் துப்புவார் என்று காத்திருப்பவர் போல இருந்தது. வந்தவர்கள் கையைப் பிடித்து, பெரிய இழப்பு என்றார்கள். ஒரு கிழவி, "பாவம், ஒரு பிள்ளையாவது இருந்திருந்தா உங்களைப் பார்த்திருக்கும்," என்றாள். அவளுடைய கையிலும் புத்தகம் இருந்தது.

நன்றி சொல்லும் நேரம் வந்தது. வழக்கமாக இரண்டு நிமிடம்: வந்தவர்களுக்கு, அனுதாபச் செய்தி அனுப்பியவர்களுக்கு, மண்டபம் தந்த பங்குத்தந்தைக்கு. செல்லையா ஒலிவாங்கியைப் பிடித்தார். நன்றி எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்து மூன்றாம் பக்கத்தின் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பிறந்த ஊர், தாய் தகப்பன், படித்த பள்ளிக்கூடம், திருமணம். குரல் கிளாக்கின் குரல்; ஏற்ற இறக்கம் இல்லை. பக்கத்தைத் திருப்பினார். விசிறல்கள் ஒவ்வொன்றாக நின்றன. முன்வரிசையில் றெஜினா கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார், தம் புத்தகத்தில் நாலாம் பக்கத்தைக் கண்டுபிடித்தார். தம்பி வாசிக்க வாசிக்க, அந்த வரிகளின் கீழே அவருடைய விரலும் கூடவே போனது.

மூன்று வாக்கியங்களும் முடிந்தன. செல்லையா ஒலிவாங்கியைக் கீழே வைக்கவில்லை. மண்டபத்தில் ஒரு கதிரைகூட நகரவில்லை.

றெஜினா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பக்கத்தில் இருந்த பெண்ணின் பக்கம் சாய்ந்து, பின்வரிசைவரை கேட்கிற குரலில் சொன்னார்: "தேத்தண்ணியையும் ரோல்ஸையும் குடுக்கச் சொல்லு பிள்ளை. சனம் எவ்வளவு நேரம் காத்துக்கொண்டிருக்கும்?"